நூறைத் தாண்டினால்

ரயில் முடிகிற ஊரில் வீடு தேடுவது லேசில்லை.
தண்டவாளத்துக்கே இதற்குமேல் போக இடமில்லை,
எனக்கு மட்டும் எங்கே கிடைக்கும் என்று
நவ்பரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.
திரீவீலரைத் திருப்பிக்கொண்டே
"பட்ஜெட்ட முதல்ல சொல்லுங்க மிஸ்" என்றார்.

முதல் வீடு பதுளை பஸ் ஸ்டாண்டுக்கு மேலே.
மாடியில் இரண்டு அறை, கீழே கோழிக்கடை.
ஜன்னலைத் திறந்தால் நமுனுகுல,
மூடினால் இறகு வாசம்.
ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம்.
பகலெல்லாம் ரத்தக் குப்பிகளுக்கு லேபல் ஒட்டிவிட்டு
வீட்டுப் படியிலும் ரத்தமா?
வேண்டாம் என்றேன்.

இரண்டாவது கைலாகொடையில்.
அந்தூரியம், வெள்ளைக் கேட்,
இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர்.
சாவிக்கொத்தை விரலில் சுழற்றியபடி
வீட்டுக்காரர் கேட்டார்: "சொந்த ஊர்?"
"மஸ்கெலியா."
"டவுனா, தோட்டமா?"
சொன்னேன்.
சாவி சுழல்வது நின்றது.
கனடாவில் இருக்கும் மகனுக்கு
அந்த ஒரு நிமிஷத்துக்குள்
ஊர் திரும்ப மனம் வந்துவிட்டது.
கனடா அவ்வளவு பக்கம் என்று எனக்குத் தெரியாது.

மூன்றாவதில் புதுப் பெயின்ட்.
புதுப் பெயின்டை நான் நம்புவதில்லை.
எங்கள் லயத்துச் சுவரில் ஒரு வெடிப்பு.
அதன் குறுக்கே அப்பா கண்ணாடித் துண்டொன்றை
சீமெந்தால் ஒட்டித் தேதி எழுதியிருந்தார்.
உடைந்தால் மலை நகர்கிறது என்று அர்த்தம்.
உயர்தரம் எழுதிய வருஷம்
புத்தகத்தை விட அந்தக் கண்ணாடியைத்தான்
அதிகம் பார்த்தேன்.
அது உடையவே இல்லை.
பக்கத்து டிவிஷனில்
கண்ணாடி ஒட்டாத பதினொரு வீடு போனது.
விரலால் தட்டினேன். பெயின்டுக்குக் கீழே
பட்டி பூசிய கோடு, கதவு நிலையிலிருந்து கூரை வரைக்கும்.
நவ்பர் வேறு பக்கம் பார்த்தார்.

இப்படியே நாலு ஞாயிறு.
ஆறு மாத அட்வான்ஸ் என்றவர்,
மீன் சமைக்கக் கூடாது என்றவர்,
தனியாகவா இருக்கப்போகிறீர்கள் என்று
என் கழுத்தைப் பார்த்தவர்.
எனக்குள் ஊரின் படமொன்று
வேண்டாத தெருக்களாலேயே வளர்ந்துகொண்டிருந்தது.

ஐந்தாம் ஞாயிறு மழை.
ஸ்பிரிங்வெளி ரோட்டில் ஒரு குறுக்குப்பாதை,
எண்பத்திரண்டு படி.
வீடு சுமார். குளியலறைக் கதவு முக்கால்தான் மூடும்.
தண்ணீர் ஒன்றுவிட்டொரு நாள்.
வேண்டாமென்று சொல்ல வாயைத் திறந்தபோது
அடுத்த வளவில் ஒரு பெண், குடையில்லாமல்,
கம்பத்தில் கட்டிய குழாயொன்றை
வாசித்துக்கொண்டிருந்தாள்.
கோடு போட்ட பிளாஸ்டிக் குழாய், மழை அளப்பது.
முழங்காலை மடக்கி, கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கித்தான்
வாசித்தாள்.
லேபில் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம்
நான் இன்னும் கத்துவது அதற்குத்தான்.

"ஹதளிஸ் தெகாய்" என்றாள், யாருக்குமில்லாமல்.
நாற்பத்திரண்டு. கொப்பியில் எழுதினாள்.
பெயர் குசுமலதா.
டவுனா தோட்டமா என்று கேட்கவில்லை.
மறந்திருக்கலாம். அதை வைத்து
நல்லவள் என்று நான் முடிவுகட்டவில்லை.
பாதித் தமிழில் அவள் கேட்டது ஒன்றுதான்:
"ராவைக்கு நூறு தாண்டினா நான் வந்து கதவு தட்டுறது.
தட்டினா எழும்புவீங்களா?
முன்ன இருந்த ஆள் எழும்புறதே இல்ல."

"எழும்புவேன்."
"ஒரு தட்டுக்கு?"
"ஒரு தட்டுக்கு."

நவ்பருக்கு ஒன்றும் விளங்கவில்லை.
கமிஷனை எண்ணி வாங்கிக்கொண்டு
"மத்த வீட்ல தண்ணி நல்லா வந்திச்சே மிஸ்" என்றார்.

இறங்கும்போது படிகளை எண்ணினேன்.
எண்பத்தொன்று.
ஏறும்போது பிழையாக எண்ணியிருப்பேன்.
நாளைக்கு, வெயிலில்,
இன்னொரு தரம் எண்ணிப் பார்க்க வேண்டும்.