சிரிப்புக்கு இரண்டணா

மழைக்கு ஒதுங்கினேன் என்று சொல்லலாம்தான்.
உண்மையில், கக்கூஸ்.
பேசின் பிரிட்ஜிலிருந்து அடக்கிக்கொண்டு வந்திருந்தேன்,
வண்டியின் முன்னால் பத்து கிலோ பொன்னி,
முதுகில் கம்பெனிப் பை.
பதினாலாவது மாடியில் கொடுத்துவிட்டு இறங்கினால்
கேட்டில் மெர்லின் அக்கா சொல்கிறாள்:
"டெலிவரிக்கு டாய்லெட் கெடையாது பாப்பா, அசோசியேசன் ரூலு.
மியூசியம் பாக்க வந்தவங்களுக்கு உண்டு.
டிக்கெட் இருவது ரூவா."

அப்படித்தான் நான் மில்லைப் பார்த்தது.

மில் என்றால்
இடிக்காமல் விட்ட ஒரே ஒரு கட்டிடம்,
சிவப்புச் செங்கல், சம்பளம் பட்டுவாடா செய்த ஆபீஸ்.
மற்றதெல்லாம் பதினெட்டு மாடி.
மஸ்லின் டவர், சாட்டின் டவர், லினன் டவர்.
காடா என்று எதற்கும் பெயர் வைக்கவில்லை.

முதலில் போகவேண்டிய இடத்துக்குப் போனேன்.
சுத்தமாக இருந்தது. வெந்நீர்கூட வந்தது.
இருபது ரூபாய் கொடுத்தாயிற்றே என்று
பிறகு மெதுவாகச் சுற்றினேன்.

பச்சை பெயின்ட் அடித்த தறி, சுற்றிலும் கயிறு.
தறியை ஓட்ட ஒரு பொம்மை ஆள்:
துணிக்கடைப் பொம்மை, கூர் மூக்கு, ரோஸ் கலர்,
மீசை மட்டும் மையால் வரைந்தது.
இப்படி ஒருத்தன் புளியந்தோப்பில்
எந்தக் காலத்திலும் பிறந்திருக்க மாட்டான்.
சுவரில் ஒரு பொத்தான்: "சங்கு கேட்க அழுத்தவும்".
அழுத்தினேன்.
கொசு மாதிரி ஒரு சத்தம்.
மேல் மாடிக்காரர்கள் புகார் கொடுத்துக் குறைத்துவிட்டார்களாம்.

கண்ணாடிக்குள் ஒரு தடித்த நோட்டு. அபராதப் பதிவேடு.
பக்கத்தில் தமிழில் தட்டச்சு செய்து ஒட்டியிருந்தது.
தாமதம், ஓரணா.
நூல் அறுந்தது, மூன்றணா.
கக்கூஸில் அதிக நேரம், ஓரணா.
(இதைப் படித்தபோது பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.)
டோக்கன் 2216, எத்திராஜுலு.
சிரித்தான். இரண்டணா.

போன் அதிர்ந்தது: அடுத்த ஆர்டர், எட்டு நிமிஷம்.
எனக்கும் பிடிப்பார்கள்,
வாரக் கடைசியில் நாற்பது, அறுபது என்று குறையும்.
என்னத்துக்கு என்று மட்டும் எழுதியிருக்காது.
இவன் கணக்கில் காரணமாவது இருக்கிறது.

நகர முடியவில்லை.
எதற்குச் சிரித்திருப்பான்?
அத்தனை தறி ஓடும் இரைச்சலில்
சிரிப்பு யார் காதிலும் விழுந்திருக்காது.
பல்லைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.
அப்படியென்றால் எதிர்த் தறியில் ஒருவன்
வாயசைவிலேயே ஏதோ சொல்லியிருக்க வேண்டும்,
மேஸ்திரியின் நடையைப் பற்றியோ
அன்று காலை டிராமில் நடந்ததைப் பற்றியோ,
கெட்ட வார்த்தையாகக்கூட இருக்கலாம்.
அந்த ஆளின் பெயரை அதே தேதியில் தேடினேன்.
இல்லை.
சொல்லிவிட்டு முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருக்கிறான்,
திருடன்.

வாசலில் பார்வையாளர் ஏடு.
"அருமை." "மிக நன்று." "ஏசி இன்னும் கூட்டலாம்."
நான் எழுதினேன்:
ஜெனிட்டா, கன்னிகாபுரம்.
கருத்து: டோக்கன் 2216 எதற்குச் சிரித்தார்
என்று யாருக்காவது தெரிந்தால் தெரிவிக்கவும்.
கீழே என் செல் நம்பர்.

ஆர்டர் நாலு நிமிஷம் லேட்.
ஓட்டேரிக் கால்வாய் ரோட்டுக்கு ஏறியிருந்தது,
முட்டியளவு கறுப்புத் தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டே
பல் தெரியச் சிரித்துக்கொண்டு போனேன்.
சிக்னலில் நின்ற ஒருவர்
பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

தெரியாத நம்பர் எது வந்தாலும்
இப்போதெல்லாம் எடுத்துவிடுகிறேன்.
இதுவரை எல்லாம் கஸ்டமர்தான்.