கூப்பிடு தூரம்

மருத்துவமனையின் பக்கவாசலில் தொடங்கினேன்.
அளவுச் சக்கரத்தைத் தரையில் வைத்து
எண்ணைப் பூஜ்யத்துக்குத் திருப்பி
நடந்தேன்.
மீட்டருக்கு ஒரு டிக்.
நியூரியில் அன்று மழை
இன்னும் முடிவெடுக்கவில்லை.

பதினேழில் சைக்கிள் கொட்டகை.
முப்பத்தொன்றில் புகைபிடிக்கும் செவிலியர் இருவர்,
என்னைக் கண்டதும் பேச்சை மாற்றினார்கள்.
அறுபத்து நான்கில் முடிதிருத்தகம்.
கத்தரிக்கோலோடு வெளியே வந்தார் ஃபெர்கல்:
"கோடு என் கடையைத் தாண்டிப் போகிறதா?
அப்படியானால் நாற்காலியில் உட்காருகிறவன்
எதைப் பேசலாம், எதை நினைக்கலாம்?"
நினைப்பை அளக்க என்னிடம் சக்கரம் இல்லை என்றேன்.
சிரித்தார்.
கேட்டது கேட்டதுதான்.

நூறில் நின்றேன்.
பின்னால் இன்னொரு ஜோடிக் காலணி நின்றது.

மலக்கி.
முதல் டிக்கிலிருந்தே கூட எண்ணி வந்திருக்கிறார்.
பதினோரு வருடச் சனிக்கிழமைகள் வாசலில் நின்றவர்,
கையில் ஜெபமாலை, கழுத்தில் அட்டை.
கூச்சலிட்டவர் இல்லை.
கூச்சலிட்டவர்கள் வேறு;
பெயர் தெரியாத பெண்களை
"அம்மா, உள்ளே போகாதே அம்மா" என்று
குழந்தைக் குரலில் கூப்பிட்டவர்கள்.

"முணுமுணுப்பு எத்தனை மீட்டர் போகுமென்று
யாராவது கணக்குப் போட்டார்களா?"
என்று கேட்டார் மலக்கி.

தள்ளி நிறுத்தப்படுவது எனக்கும் தெரியும்.
பேருந்துப் பணிமனையை மூடியபோது
இருநூறு பேர் திரண்டோம்.
இரும்புத் தடுப்பைக் கொண்டுபோய்
கால்வாய்க்கு அந்தப் பக்கம் வைத்தார்கள்.
எங்கள் முழக்கத்தைக் கடற்பறவைகள் கேட்டன.
காரில் ஏறிய மந்திரி
எங்களைப் பார்த்துக் கையசைத்தார்,
வழியனுப்ப வந்தவர்கள் என்று நினைத்து.
கேட்கவேண்டியவன் காதுக்கு எட்டாத போராட்டம்
ஊமைக்கூத்து.
இதை எந்த மேடையிலும் சொல்வேன்.

ஆனால் ப்ரோனா மந்திரி இல்லை.
திருத்தி எழுத
அவள் கைப்பையில் சட்டம் ஏதும் இல்லை.
ஒரு மாற்றுத்துணி,
பத்தே முக்கால் என்று எழுதிய சீட்டு.
என் காரில் முன்னிருக்கையில் இருந்தாள்.
மூன்று முறை சுற்றினோம்,
நிறுத்த இடம் இருந்தும்.
நான்காம் முறை
"வீட்டுக்கே போ" என்றாள்.
எதற்காக வந்தாளென்று நான் கேட்கவில்லை,
இன்றுவரை.
கேட்காமல் இருப்பதும் ஒரு தூரம்.

கூப்பிட்டால் கேட்பது கூப்பிடு தூரம்.
யாரும் கூப்பிடாமல் ஒரு கதவுவரை நடக்க
வேண்டிய தூரத்துக்கு
ஒருவரும் பெயர் வைக்கவில்லை.
சட்டம் நூறு என்றது.
தொண்ணூற்றொன்பதில் காயம்,
நூற்றொன்றில் உரிமை என்று
குரல் நடுவழியில் சட்டை மாற்றிக்கொள்வதில்லை.
தெரியும்.
ஆனாலும் எங்கோ ஓரிடத்தில்
கம்பத்தை நட்டாக வேண்டும்.

மஞ்சள் சுண்ணத்தால் குறி போட்டேன்.
மழை முடிவெடுத்தது.

மறுநாள் சனிக்கிழமை, கம்பத்தோடு வந்தோம்.
குறி இல்லை.
நடைபாதை கழுவிவைத்த தட்டு மாதிரி இருந்தது.
சக்கரத்தை அலுவலகத்தில் மறந்திருந்தோம்.
"எதற்குச் சக்கரம்," என்றான் ஃபின்டன்,
"அதோ பார்."

மலக்கி நின்றுகொண்டிருந்தார்,
சட்டத்துக்குச் சரியாக ஓரடி வெளியே.
அவர் காலணி நுனியிலிருந்து அளந்து
குழி தோண்டினோம்.

கம்பம் சாய்ந்தது.
சிமெண்ட் குழைக்கும்வரை
கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன்,
யோசிக்காமல்.
"அதை மட்டும் கேட்காதே" என்றார்.
நியாயம்தான்.
நானே பிடித்துக்கொண்டேன்.

அப்போது ஒருத்தி எங்களைக் கடந்து போனாள்.
தலையை மூடிய பச்சைக் குளிரங்கி.
நோயாளியா, தரை துடைப்பவளா,
அப்பாவைப் பார்க்க வந்தவளா, தெரியாது.
மலக்கியின் உதடுகள் அசைந்தன.
அவள் திரும்பவில்லை.
அவள் அடிகளை எண்ணிக்கொண்டு நின்றேன்,
முப்பதுவரை.
அதற்குள் ஃபின்டன்
சுத்தியல் எங்கே என்றான்.