பதினான்கு விநாடி

இரவு ஒன்று பத்துக்கு வந்தது காணொளி.
பதினோரு விநாடிக்குத் துவாஸ் வானம்,
இங்கே எப்போதும் இருக்கும் நிறத்தில்,
நீர்த்துப்போன தே-ஓ.
பிறகு பச்சையாய் ஒரு கீறல், இரண்டு விநாடி.
பிறகு யாரோ "டேய்" என்கிறார்.
அவ்வளவுதான்.

செய்தி அறையில் நானும் யுகேந்திரனும் குளிர்சாதனமும்.
அவன் தட்டிவிட்டான்:
'சிங்கப்பூரில் விழுந்தது வால்நட்சத்திரம்.'
அழி என்றேன்.
வால்நட்சத்திரம் விழாது, யுகேன்.
அது வரும். வாரக்கணக்கில் தங்கும்,
எப்போது கிளம்புவார் என்று
கேட்க முடியாத விருந்தாளிபோல.
உள்ளே அழுக்குப் பனிக்கட்டி.
வெயில் பட்ட பிறகுதான் அதற்குக் கூந்தல்.

சரி, 'சிறுகோள்' என்றான்.
அழி.
செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே
தன்பாட்டுக்குச் சுற்றிக்கிடக்கும் கல் அது.
கூந்தல் இல்லை, புகை இல்லை, பெரும்பாலும் செய்தியும் இல்லை.
பெரிய செய்தியாகும் நாளில்
வாசிக்க ஆள் இருக்குமா, தெரியாது.

எனக்குச் சொல்லுக்குத்தான் சம்பளம்.
மீன் என்றால் முதலில் வானத்தில் மின்னுவது என்று
தேக்கா சந்தையில் வஞ்சிரம் நிறுப்பவரிடம்
ஒருநாள் சொல்லிப்பார்த்தேன்.
கிலோ பதினெட்டு வெள்ளி என்றார்.
அதுவும் வானத்துச் சொல்தான்,
அவரிடம் சொல்லவில்லை.

மரினா பராஜ் புல்வெளியில்
நாலு இரவு வால்மீனுக்குக் காத்திருந்தவள் நான்.
மூன்று இரவு மேகம்.
நாலாம் இரவு "அதோ!" என்று கை நீண்டது;
எல்லோரும் எழுந்தோம்.
பட்டத்தின் வாலில் யாரோ கட்டியிருந்த விளக்கு.

காணொளி அனுப்பியவரை அழைத்தேன்.
பூவலிங்கம், கப்பல் பட்டறை, இரவு வேலை.
"அக்கா, அது எங்க விழுந்துச்சு?"
எங்கும் விழவில்லை.
கொண்டைக்கடலை அளவு இருந்திருக்கும்,
எண்பது கிலோமீட்டர் உயரத்திலேயே
காற்றோடு மோதித் தீர்ந்துபோனது.
எரிமீன் என்பது கல்லின் பெயர்கூட இல்லை,
அந்த எரிதலின் பெயர்.
மிச்சம் ஏதும் தரைக்கு வந்தால்தான் விண்கல்.

மறுமுனையில் இரும்பு அறுபடும் சத்தம்.
"கிரைண்டர்ல தெறிக்கிற பொறின்னு சொல்லுங்க.
பறக்குற வரைக்கும்தான் அது பொறி.
கீழ விழுந்தா தூளு. கூட்டி அள்ளணும்."

நான் எழுதிக்கொண்டேன்.

"வால்நட்சத்திரத்துக்கு வாலு பின்னாடிதானே வரும்?"
இல்லை, சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நிற்கும்.
வரும்போது பின்னால்.
திரும்பிப் போகும்போது வால் முன்னே போகும்,
தலை பின்னே.

கொஞ்சநேரம் இரும்புச் சத்தம் மட்டும்.
"நாங்க ஊருக்குப் போறதும் அப்படித்தான்.
கார்கோ பெட்டி
மூணு வாரம் முன்னாடியே போயிரும்."
எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்று
வாய்வரை வந்தது.
சூப்பர்வைசர் வர்றாரு என்று வைத்துவிட்டார்.

யுகேனிடம் ஒன்றை ஒப்புக்கொண்டேன்:
எரிமீன்களில் நிறைய, என்றோ ஒரு வால்மீன்
போகிற வழியில் உதிர்த்த தூசிதான்.
சில, சிறுகோளின் சில்லு.
இந்தக் கடலை எந்த வீட்டுப் பிள்ளையோ.
"அப்ப நான் எழுதினது
பாதி சரி" என்றான்.
பாதி சரியை ஒளிபரப்ப முடியாது என்றேன்,
தினமும் அதைத்தான் செய்கிறோம் என்பது
இருவருக்கும் தெரியும்.

'துவாஸ் வானில் எரிமீன்; சேதமில்லை.'
திரையின் அடியில் ஒன்பது விநாடி ஓடியது,
எரிமீனைவிட ஏழு விநாடி கூடுதலாக.

போனா விஸ்தாவில் முதல் ரயிலுக்கு நிற்கும்போது
பூவலிங்கத்திடமிருந்து இன்னொரு காணொளி.
இருட்டு. கையுறை. ஒரு தகடு.
மஞ்சளாய், ஆயிரமாய், ஒரே பக்கம் சாய்ந்து
தெறித்துக்கொண்டே இருக்கின்றன.
கீழே ஒரு வரி:
'இதுக்கு என்ன பேர் போடுவீங்க?'

தட்டுகிறேன்.
அழிக்கிறேன்.
டோவர் தாண்டிவிட்டது ரயில்.