எடைமேடை, இரவுப் பணி

எண்ணூர் சாலையில் எடைமேடையில் வேலை.
லாரி ஏறும், எண் நடுங்கும், நிற்கும்.
நின்ற எண்ணை எழுதுவேன்,
ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை.

பகலில் தூங்க வேண்டியவன்.
பகலில் எங்கள் தெருவில்
தண்ணி லாரி, குழாயடிச் சண்டை, மீன்பாடி வண்டி.
யாருக்கு எது ராத்திரி என்று தெருவுக்கு எப்படித் தெரியும்?

பாதி மாத்திரை. பிறகு முழுசு.
தண்டையார்பேட்டை மருந்துக்கடைப் பையன்
சீட்டு கேட்பதை நிறுத்தியிருந்தான்.
பழகிய முகமும் ஒரு சீட்டுதான்.

தூக்கம் வந்தது,
கிரேன் இறக்கிவைத்த பெட்டி மாதிரி.
பூட்டி, முத்திரை வைத்து,
உள்ளே என்ன சரக்கு என்று தெரியாமல்.

எப்போது மஞ்சளானேன், தெரியாது.
சோடியம் விளக்கின் கீழே யார்டில் எல்லோரும் மஞ்சள்தான்.
டிரைவர், கிளீனர், பில் புத்தகம், நாய்.
காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள்.
கண்டதெல்லாம் மஞ்சளாயிருந்த இடத்தில்
காமாலை சுலபமாக ஒளிந்துகொண்டது.

காசிமேட்டில்தான் பிடிபட்டேன், ஒரு ஞாயிறு.
வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்த தேசம்மா
மீனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.
"இன்னாயா கண்ணு இப்டி கீது?
இந்தக் கண்ணோட ஒரு மீன் வந்தா
ஏலத்துல நான் கையே தூக்க மாட்டேன்."

ஸ்டான்லியில் ரத்தம் எடுத்தார்கள்.
நாற்பதுக்குள் இருக்க வேண்டியது
எண்ணூற்றுப் பன்னிரண்டு.
நானும் எண் எழுதுகிறவன்.
ஓவர்லோடு எனக்குப் புரியும்.

டாக்டர் சுல்பிகா குரலை உயர்த்தவில்லை.
"அந்த மாத்திரையா இருக்கலாம்.
அபூர்வம்தான், ஆனா இருக்கலாம்.
உங்க உடம்போட காவல்படையே
ஈரலை அந்நியம்னு நினைச்சிருக்கலாம்.
மாத்திரை கிளப்பிவிட்டதா, தானா வந்ததா,
ஊசி குத்தி ஒரு துணுக்கு எடுத்தாலும்
உறுதியா சொல்ல முடியாம போகலாம்."

நாலு லாம்.
எண்ணிக்கொண்டே வார்டுக்கு நடந்தேன்.

வேலியே பயிரை மேஞ்ச கதை என்றார் பக்கத்துக் கட்டில்காரர்.
எனக்கு யார்டு நாய்தான் நினைவில்.
ஐந்து வருஷம் என் கையில் பொறை தின்றது.
ஒரு மழை ராத்திரி தலையில் சாக்கைப் போட்டு வந்தேன்,
கெண்டைக்காலைக் கவ்விவிட்டது.
பல் பதிந்த பிறகுதான் அதற்கு வாசனை தெரிந்தது.
விடவும் தெரியாமல் கடிக்கவும் தெரியாமல்
என்னைப் பார்த்தது பார், ஒரு பார்வை.

ரூபாவதி கீழாநெல்லி அரைத்து எடுத்து வந்தாள்.
"இன்னொரு சந்தேகத்தைச் சேர்க்காதீங்கம்மா" என்றார் டாக்டர்.
கொட்ட மனசில்லாமல்
படிக்கட்டில் உட்கார்ந்து தானே குடித்தாள்.

மாத்திரையை நிறுத்தினார்கள். ஸ்டீராய்டு கொடுத்தார்கள்.
அது தூக்கத்தைக் கெடுக்குமாம்.
சிரித்தேன். விலா வலித்தது.

எண்ணூற்றுப் பன்னிரண்டு.
நானூற்று ஆறு.
நூற்றி எழுபது.
இறங்குகிறது, இன்னும் நிற்கவில்லை.
நடுங்குகிற எண்ணை எழுதிப் பழக்கமில்லை எனக்கு.

பகல் இரண்டு மணி.
குழாயில் தண்ணீர் வந்துவிட்டது.
ரூபாவதி குடத்தை ஓசையில்லாமல் வைக்கப் பார்க்கிறாள்.
ஓசை வருகிறது.
வை, பரவால்ல என்கிறேன்,
முயிச்சினுதான் கீறேன்.