ஜே-19

ஜாகீர் அம்மாபாளையத்தில்
வாட்டர் சர்வீஸ் கடைக்கு மேல் மாடி.
கீழே பிரஷர் பம்பு இரையும்போதெல்லாம்
என் மேசையில் மவுஸ் தானாக
ஒரு நூலளவு நகரும்.
அங்கே உட்கார்ந்து நான்
எடையில்லாத ஜன்னல்கள் செய்கிறேன்.

கம்பெனி அலுமினியத்தில் செய்வதை
நான் கணக்கில் செய்கிறேன்.
அகலத்தை மாற்றினால் சட்டம் தானே நீளும்,
கண்ணாடி தானே கனக்கும்,
விலை மட்டும் ஏறாது, அது முதலாளியின் கட்டம்.
தள்ளி நின்று பார்த்தால் ஒரு கோடு.
கிட்டே வந்தால் இரண்டு கோடு.
இன்னும் கிட்டே வந்தால்தான்
திருகாணித் தலையில் கூட்டல் குறி.
எந்த ஊர் ஆர்க்கிடெக்டும்
இறக்கிக்கொள்ளலாம், காசில்லை.
சுவரில் கொண்டு வைத்தால்
சுவர் தானே விலகி வழி விடும்.

மொத்தம் அறுபத்து நாலு கோப்புகள் கேட்டார்கள்.
அறுபத்தைந்து போயிருக்கிறது.

பத்தொன்பது என்பது ஜன்னலே இல்லை.
கீலை மேலே வைத்தால் விதி வேலை செய்கிறதா என்று
பார்க்க ஒரு ராத்திரி போட்டது.
கரண்ட் போய், யூ.பி.எஸ். கீச்சிட,
அவசரத்தில் சேமித்தேன்.
அடிக்கட்டை தரையிலிருந்து ஒரு சாண்தான்.
வெளிப்பக்கம் இருபத்திரண்டு டிகிரி சாயும்.
ஏன் அவ்வளவு தாழ என்று கேட்டால்,
நாற்காலிச் சக்கரம் உடைந்து
அன்றைக்கு நான் தரையில் உட்கார்ந்திருந்தேன்.
அவ்வளவுதான்.

நாலாம் மாதம் ஏற்காட்டிலிருந்து ஆர்டர்.
நாகலூர் பக்கம் ஒரு வீடு,
ஜெசிந்தா என்கிற ஆர்க்கிடெக்ட்.
ஜே-19, பதினோரு உருப்படி.
முன்பணமும் வந்துவிட்டது.
முதலாளி பங்காருசாமி கேட்டலாக்கைப் புரட்டினார்.
பதினெட்டு. அடுத்து இருபது.
மறுபடி புரட்டினார்.
"நாம செய்யாத சாமானுக்கு
நாமளே உத்தரவாதம் குடுத்திருக்கோம்,
பத்து வருஷம்."
அது எல்லாக் கோப்பிலும் தானாக வரும் வரி.
சொல்லவில்லை.
தட்டுவடை செட்டைப் பாதியில் மடித்து வைத்தேன்.
முன்பணத்தை இன்னொரு தரம் பார்த்துவிட்டு
பட்டறைக்குப் போகச் சொன்னார்.

பட்டறையில் சென்றாயன்.
பாலிடெக்னிக்கில் என் பெஞ்சுக்குப் பின் பெஞ்சு.
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"இது திறக்காது."
திரையில் திறக்குதே.
"திரையில திறக்கும். இங்க கீலு சட்டத்துல இடிக்கும்."
உண்மைதான்.
என் பக்கத்தில் அலுமினியத்துக்குள் அலுமினியம்
பேய் மாதிரிப் போய்வரும்,
ஒரு சத்தமும் இருக்காது.
கீலை இறக்கி, சட்டத்தை
ஆறு மில்லிமீட்டர் சுருக்கினான்.
நான் மாடிக்கு ஓடி
என் கணினியில் மட்டும்
ஆறு மில்லிமீட்டர் சுருக்கினேன்.

பதினோரு ஜன்னலும் குட்டியானையில் ஏறின.
இருபது கொண்டையூசி,
ஒவ்வொன்றிலும் கண்ணாடி ஒருமுறை முனகியது.
பாதி மலையில் காது அடைத்தது.
மேலே கொத்தனார்
பழைய கோப்பைப் பார்த்துச் சுவர் விட்டிருந்தார்.
ஆறு மில்லிமீட்டர் சந்து,
பதினோரு இடத்தில், அச்சு மாறாமல்.
சிலிக்கான் குழாய் வாங்க ஆள் போனது.
சென்றாயன் என்னைப் பார்க்காமல் சிரித்தான்.

ஆள் வரும்வரை ஒரு ஜன்னலைத் திறந்து
பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.
அடிக்கட்டையில் முழங்கை சரியாக நின்றது.
மூடுபனி உள்ளே வந்தது.
அதற்கு நான் கட்டம் எதுவும் போட்டு வைக்கவில்லை.
"இந்த உயரம் எப்படி யோசிச்சீங்க?"
ஜெசிந்தா கேட்டார்.
கரண்ட் போச்சுங்க, என்றேன்.

திங்கட்கிழமை புதுக் கோப்பை ஏற்றினேன்.
இரண்டாம் பதிப்பு. குறிப்பு: கீல் திருத்தப்பட்டது.
கேட்டலாக்கில் பதினெட்டுக்கும் இருபதுக்கும் நடுவே
பங்காருசாமி பேனாவால் எழுதினார்,
விலை கேட்டுத் தெரிந்துகொள்ளவும்.

பழையது
முன்னூற்றுப் பன்னிரண்டு முறை இறங்கியிருக்கிறது.
யார் யாரென்று தெரியாது.
திருப்பி வாங்க வழியில்லை.
ராஞ்சியோ ராமநாதபுரமோ,
இன்னும் வானம் தோண்டாத ஏதோ ஒரு வீட்டில்
என் ஜன்னல் சத்தமில்லாமல்
சட்டத்துக்குள் புகுந்து
திறந்துகொண்டிருக்கிறது.