வெளியூர்

புதன்கிழமை. ஒடுகத்தூர் துணை சுகாதார நிலையம்.
ஐஸ் பெட்டியைத் திறக்கும் முன்பே
வாசலில் நாலு ஜோடிச் செருப்பு,
மூன்று வயதுக்கு அளவெடுத்த ஒரு ஜோடி பூட்ஸ்.

தாட்சாயணி. எனக்குத் தெரிந்த பெண்தான்.
இப்போது ஹாலிஃபாக்ஸாம், கனடாவில்.
பையன் நீலன்
ராத்திரியிலிருந்து ஆறு தடவை போயிருக்கிறான்.
"குளுக்கோஸ் ஏத்துங்க சிஸ்டர்,
இல்லன்னா ஒரு ஊசியாவது."

கண் குழியவில்லை.
வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டேன், உடனே படிந்தது.
அழுதான். கண்ணீர் வந்தது. நல்லது.
பழக்க தோஷத்தில் இடது கையைத் தூக்கிப் பார்த்தேன்:
தழும்பு இல்லை.
"அங்க அத போடறதில்ல" என்றாள்,
பிள்ளைக்குக் குறை வைத்துவிட்டவள்போல்.
அவள் தோளில் இருக்கிறது,
மொச்சைக்கொட்டை அளவில், நான் போட்டது.

அந்த ஊரில் குடும்ப டாக்டருக்கு
இரண்டு வருஷமாய்ப் பேர் எழுதி வைத்திருக்கிறார்கள்.
காய்ச்சல் என்றால் போனில் ஒரு நர்ஸ்.
மூத்திரம் போனானா, விளையாடுகிறானா,
பத்துக் கேள்வி. அப்புறம், காத்திருங்கள்.
"காத்திருன்னு சொல்ல ஒரு கவர்மெண்ட்டா?
இங்க வந்தா யாராச்சும்
எதாச்சும் செய்வாங்கன்னு பார்த்தேன்."

உப்புச்சர்க்கரைப் பொட்டலம் இரண்டு எடுத்தேன்,
ஜிங்க் மாத்திரை பதினாலு.
காய்ச்சி ஆறின தண்ணி ஒரு லிட்டர்,
டம்ளர் வேண்டாம், ஸ்பூன்.
பிறகு அந்தப் போன்காரி கேட்ட பத்தையும்
நானும் கேட்டேன்.
தாட்சாயணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
முகம் தெரியாத அந்தப் பெண்மேல்
எனக்குத் திடீரென்று ஓர் ஒட்டுதல்.

"எவ்வளவு?" பர்ஸைத் திறந்தாள்.
மூடு என்றேன்.
நாளைக்குக் காலையில் எட்டு மணிக்கு வருவேன்,
பச்சை கேட்டுதானே, தெரியும்.
அதற்கு அவள் பதில் சொல்லவில்லை,
பையனின் பூட்ஸைக் கட்டிக்கொண்டே இருந்தாள்.

பெருமைப்பட்டுக்கொள்ளலாம்தான்.
ஆனால் நேற்று
கரடிப்பாறையிலிருந்து இதே பேதிக்கு
ஒரு குழந்தையை வேட்டித் தூளியில் கட்டி
மலையிறக்கிக்கொண்டு வந்தார்கள். நாலு மணி நேரம்.
முதல் நாளே இந்தப் பொட்டலம் போயிருந்தால் போதும்.
அங்கே நர்ஸ் இடம் காலி,
கூடுதல் பொறுப்பு நான், மாதம் ஒருமுறை.
டவர் கிடையாது.
காத்திருங்கள் என்று சொல்லக்கூட ஆள் கிடையாது.
டிரிப் ஏற்றி வேலூருக்கு அனுப்பினோம்.
இன்னும் தகவல் வரவில்லை.

பதிவேட்டை இழுக்கிறேன்.
நாடு என்று கட்டம் கிடையாது இதில்.
உள்ளூர், வெளியூர், அவ்வளவுதான்.
நீலன், ஹாலிஃபாக்ஸ்: வெளியூர்.
நாலு வரி மேலே
சென்றாயன் மகள் குப்பச்சி, கரடிப்பாறை.
அங்கேயும் வெளியூர் என்றுதான் இருக்கிறது,
என் கையெழுத்தில்.