இரண்டு பக்கமும்

தானாகப் பூட்டிக்கொள்ளும் என்றுதான் விற்றார்கள்.
உள்ளே உட்கார்ந்தபடி ஒரு நெம்பை இழுத்தால் போதும்,
முன்சக்கரங்கள் இரண்டும் அச்சைப் பிடித்துக்கொள்ளும்,
காலணி நனையாது.
பதினோரு வருடம் நனையவில்லை.

பிப்ரவரியில்,
வடக்கு நெவாடாவில் நான் தபால் கொண்டுபோகும் தடத்தில்
ஓடைக்கு இறங்கும் சரிவில்
காலை வாரிவிட்டது.
இரண்டாம் கியரில் எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்க,
முன்சக்கரங்கள் எனக்கென்ன என்று பிடியை விட்டன.
பின்பக்கம் முன்னால் வந்தது.
பெட்டி கவிழ்ந்து
விதைக் கம்பெனி விலைப்பட்டியல், வரி நோட்டீஸ்,
அர்ரிசாபலாகா பண்ணைக்கு வந்த ஆட்டு மருந்து
எல்லாம் என் மடியில்.
ஒரு வேலிக்கம்பம் எங்களை நிறுத்தியது.
அந்தக் கம்பத்துக்கு இன்னும் நான் பணம் கட்டவில்லை.

ஏப்ரல், சனிக்கிழமை. ஜாக்கி மேல் வண்டி.
புது ஹப்புகள் ஷூ பெட்டி அளவு அட்டைப்பெட்டியில்,
கையால் திருகிப் பூட்டும் ரகம்.
சர்க்ளிப் இடுக்கி மட்டும் என்னிடம் இல்லை.
பிரிந்தபோது கருவிகளை ஓரன் எடுத்துக்கொண்டான்,
வண்டியை நான்.
அன்றைக்கு அது நியாயமான பங்கீடாகத் தெரிந்தது.

இடுக்கியைக் கொண்டுவந்தவன் கொடுத்துவிட்டுப் போகவில்லை.
வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான்.
"ஒவ்வொரு தடவையும் இறங்கணும், தெரியும்ல?
சேத்துல. பனியில. ரெண்டு பக்கமும்."
தெரியும் என்றேன்.
"இறங்கணும்னு உனக்குத் தோணுறதுக்குள்ள
மாட்டிக்கிட்டிருப்ப."
வண்டியைப் பற்றித்தான் சொன்னான் என்று நினைக்கிறேன்.

மூடியைக் கழற்றினால்
தானாக என்பதற்குள் இத்தனை பேர் உழைத்திருக்கிறார்கள்:
ஸ்பிரிங்குகள், கேம், தேய்ந்துபோன பற்கள்,
மூன்று துண்டாய் உடைந்த ஒரு பிளாஸ்டிக் வளையம்,
இவர்களுக்கு நடுவே
அடிபிடித்த பாகு மாதிரி கறுத்த கிரீஸ்.
எத்தனை குளிர்காலமாக உடைந்து கிடந்தது அந்த வளையம்,
நான் பூட்டியாயிற்று என்று நம்பிக்கொண்டு
பாட்டு கேட்டபடி மலையிறங்கிய நாட்களில்?

புதியதில் பெரிதாக ஒன்றுமில்லை.
கனம். ஒரு திருகு.
அதன்மேல் இரண்டே வார்த்தை: ஃப்ரீ, லாக்.

பேரிங் நட்டை இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி,
சக்கரத்தைச் சுழலவிட்டுக் காது கொடுத்தேன்.
வாளியிலிருந்து எழுந்து வந்து ஓரனும் காது கொடுத்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.
ஒன்றும் கேட்காததை
நாங்கள் இருவரும் சேர்ந்து கேட்டு
ரொம்ப நாளாகிறது.

இடுக்கியை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனான்.

நவம்பரில் முதல் பனி.
சரிவுக்கு முன்பே வண்டியை நிறுத்தினேன், அந்த அளவுக்குப் புத்தி வந்திருந்தது.
இறங்கி, இடது பக்கம் குனிந்து, திருகி,
டக் என்று விழுந்த சத்தத்தில் எனக்கே ஒரு பெருமை.
அந்த நேரம் பார்த்துக் காற்று தொப்பியைக் கொண்டுபோனது.
துரத்திப் பிடித்து, உதறி, தலையில் வைத்து,
ஏறி உட்கார்ந்து கிளப்பினேன்.
சரிவு இறங்கி, ஓடை தாண்டி, எதிர்மேட்டில்
வண்டி முனகியது. நகரவில்லை.

டிஃபரென்ஷியலுக்கு இரக்கம் கிடையாது.
சும்மா சுற்றும் பக்கத்துக்கே
இருக்கிற பலத்தையெல்லாம் வாரிக் கொடுக்கும்.
பூட்டிய சக்கரம்
பூட்டாததைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

ஓரன் பேச்சு நினைவு வந்தது. வந்த வேகத்தில் கெட்ட வார்த்தையும் வந்தது.
முழங்கால் ஆழத்தில் வண்டியைச் சுற்றி நடந்தேன்.
வலது ஹப்பின்மேல் ஈரப்பனி அப்பியிருந்தது.
கையுறையைப் பல்லால் கழற்றி,
கட்டைவிரலால் துடைத்து, அந்த வார்த்தையைத் தேடினேன்.
இரும்பு விரலைக் கடித்தது.
டக்.

அர்ரிசாபலாகா வாசலில் நின்றிருந்தார்.
நாற்பது நிமிடத் தாமதம், என்ன ஆயிற்று என்றார்,
என் காலணியையே பார்த்துக்கொண்டு.
வலது பக்கம், என்றேன்.